மூன்று அந்தர்க் கதவு

"மூண்டு அந்தர் இரும்புக் கதவைத் தலையிலே தூக்கிக்கொண்டு, தன்னந்தனிய, நூறு காலடி நடந்து போய், கல்லுக் கிடங்குக்குள்ள போட்டனான்!"

இப்படிச் சொன்னவர் கச்சு முகம்மது; ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். சொன்ன இடம் தில்லைநாதனின் தேத்தண்ணிக் கடை. கேட்டவர்கள் ஒன்பது பேர். நம்பியவர்கள்? மேசைக்குக் கீழே குனிந்து தேடினாலும் ஒருவரும் இல்லை.

ஒரு அந்தர் என்றால் ஒரு சீமெந்து மூட்டையின் நிறை. மூன்று அந்தர் என்றால் மூன்று மூட்டை. கச்சு முகம்மதுவோ, காற்றுப் பலமாக அடித்தால் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்புக்காரர்!

தில்லைநாதன் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார்.

"காக்கா, போன மாசம் ரெண்டு அந்தர் எண்டல்லோ சொன்னனீர்? தண்ணிக்குள்ள கிடந்து கதவு வளருதோ?"

கடை முழுவதும் சிரித்தது. அடுப்பிலே இருந்த கேத்தில்கூட மூடியைத் தூக்கித் தூக்கிச் சிரித்தது.

சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள். தன் வாப்பா கச்சு முகம்மதுவின் பக்கத்தில், வாங்கிலே உட்கார்ந்து வடை கடித்துக்கொண்டிருந்த ஹாலிதா. வயது பத்து. வாப்பாவின் கதவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்தக் கடையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அது சும்மா கதவு இல்லை. போறணைக் கதவு. போறணை என்பது பாண் ரொட்டி சுடுகிற பெரிய செங்கல் அடுப்பு. கச்சு முகம்மதுவின் போறணைக்குள்ளே ஒரு மாட்டுக்கன்று நுழைந்து, நின்று, திரும்பி, வாலை ஆட்டிவிட்டு வெளியே வரலாம். அதன் வாயை மூடத் தடித்த இரும்புக் கதவு வேண்டும். கதவு இல்லாவிட்டால் சூடெல்லாம் வெளியே ஓடிவிடும். பாண் வெளியே கருகி, உள்ளே களியாகக் கிடக்கும்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு, குடும்பமே ஊரைவிட்டுப் புறப்பட வேண்டி வந்த ஒரு காலையில், வாப்பா அந்தக் கதவைக் கழற்றினார். கையோடு கொண்டுபோக வழியில்லை. விட்டுப் போகவும் மனமில்லை. ஊருக்குப் பின்னால், கல் உடைத்து எடுத்த பெரிய கிடங்கு ஒன்று மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. ஒருவரும் எடுக்காதபடி அதற்குள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஹாலிதா பிறந்தது புத்தளத்தில். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, போன வருடம்தான் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை. போறணை மட்டும் "எங்க இவ்வளவு நாளும்?" என்று கேட்பதுபோல வாயைத் திறந்தபடி நின்றது.

அன்று காலையில் வாப்பா சொல்லியிருந்தார்.

"கதவு கிடைக்காட்டி வாற வெள்ளிக்கிழமை நான் புத்தளத்துக்குப் போறன் மகள். அங்க பழைய பேக்கரியிலே வேலை இருக்கு. பெருநாளுக்குப் பெருநாள் வருவன்."

வருடத்துக்கு எத்தனை பெருநாள் என்று ஹாலிதா விரல் மடித்துப் பார்த்தாள். இரண்டு விரலோடு கணக்கு முடிந்துவிட்டது.

கடை வாசலில் நின்ற இன்னாசித்தம்பி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காக்கா, கதவு கிடந்தா நான் எடுத்துத் தாறன். இடத்தை மட்டும் சரியாக் காட்டுங்கோ. அடியிலே முழுக்கச் சேறு. கையாலே தடவித்தான் தேட வேணும்."

இன்னாசித்தம்பி கொக்கிளாய்ச் சுழியோடி. முதுகிலே காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்க் கடலட்டை பிடிக்கிறவர். மாரிகாலத்தில் கடல் கோபமாக இருக்கும், இறங்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிண்டர்களைக் கல்லுக் கிடங்குக்குக் கொண்டுவந்து, ஆசைப்பட்டவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய் மூச்சுவிடப் பழக்குவார். கிளிநொச்சியிலிருந்துகூடச் சோற்றுப் பார்சலோடு ஆட்கள் வருவார்கள். அவர்களை ஏற்றி இறக்குவது தில்லைநாதனின் ட்ரக்டர்.

அன்றுதான் கடைசி ஞாயிறு. காற்று மாறத் தொடங்கிவிட்டது. அடுத்த கிழமை இன்னாசித்தம்பி கடலுக்குப் போய்விடுவார்.

"கதவாவது, கிடங்காவது!" என்றார் தில்லைநாதன். "அப்பிடி ஒரு கதவு வந்து, அந்தப் போறணையிலே பாணும் வந்தா, முதல் பாணை ஊதாமல் வாயிலே வைக்கிறன். கொதிக்கக் கொதிக்க!"

"பேச்சு மாறக்கூடாது!" என்றாள் ஹாலிதா.

"மாறமாட்டன் பிள்ளை. ஏறு ட்ரக்டரிலே."

மிதிவெடி எடுத்தவர்கள் நட்டுவிட்டுப் போன வெள்ளைக் கம்புகளுக்கு நடுவே ட்ரக்டர் ஆடி ஆடிப் போனது. பெட்டிக்குள்ளே எட்டுப் பேர், நாலு சிலிண்டர், தில்லைநாதன் கடைக்கு நிலம் போட வாங்கிய மூன்று சீமெந்து மூட்டை, ஒரு சட்டி மீன்குழம்பு.

கிடங்கைக் கண்டதும் ஹாலிதாவுக்கு வாய் திறந்தது. அவ்வளவு பெரிது! ஊரிலே உள்ள மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குடித்தாலும் ஒரு விரல் இறங்காது. சுற்றிவரச் செங்குத்தான கருங்கல். நடுவிலே பச்சைக் கண்ணாடிபோலத் தண்ணீர்.

முதலில் கிளிநொச்சியிலிருந்து வந்த இரண்டு அண்ணன்மார் ஒரு சிலிண்டரை மாறி மாறிக் கட்டி இறங்கினார்கள். மேலே வந்ததும் ஒருவன் கத்தினான்.

"மூச்சு விடேக்க காதுக்குள்ள புட்டுப்பானை கொதிக்கிற மாதிரிச் சத்தம்!"

அடுத்த முறை ஞானேஸ்வரி டீச்சருக்கு. கிளிநொச்சியில் கணக்குப் படிப்பிக்கிறவர். தம்பியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலே நீர்க்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, விடியற்காலையிலிருந்து தயாராக இருந்தார்.

"தம்பி, உள்ளுக்கு முதலை இருக்குமோ?"

"இல்லை டீச்சர்."

"பாம்பு?"

"இல்லை டீச்சர்."

"அப்ப அந்தக் காக்காவின்ர கதவை முதல்லே தேடுங்கோ. எனக்கு அவசரமில்லை. கடைசிச் சிலிண்டர் எனக்குப் போதும்."

ஹாலிதாவுக்கும் இறங்க ஆசைதான். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒருவரையும் இன்னாசித்தம்பி இறக்கமாட்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நனையாமல் ஒரு கல்லின்மேல் இருந்தாள்.

வாப்பா மூலையில் நின்ற பாலை மரத்தடிக்குப் போனார்.

"இந்த மரத்திலே இருந்து, கரையோட, சரியா நூறு காலடி. தொழுகை முடிய நாங்கள் விரல் மடிச்சுச் சொல்லுற கணக்கு இருக்கெல்லோ? சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூண்டு, அல்ஹம்துலில்லாஹ் முப்பத்து மூண்டு, அல்லாஹு அக்பர் முப்பத்து நாலு. அண்டைக்குக் கை ரெண்டும் கதவிலே. விரல் மடிக்க ஏலாது. அதனாலே ஒவ்வொண்டுக்கும் ஒரு காலடி வைச்சனான். பிழைக்காது!"

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தில் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, அணிவகுப்பிலே போகிற பொலிஸ்காரன்போல நடந்தார். வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. நூறாவது காலடியில் நின்று தண்ணீரைக் காட்டினார்.

"இதிலே!"

இன்னாசித்தம்பி இடுப்பிலே ஈயப்பட்டி கட்டி, வாய்க்குழாயைக் கடித்து, பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். குமிழிகள் மட்டும் மேலே வந்தன. அங்கே போயின, இங்கே வந்தன. நேரம் போனது. கடைசியில் அவர் ஒரு ட்ரக்டர் டயரோடு மேலே வந்தார்.

சிலிண்டர் மாற்றிக்கொண்டு மறுபடியும் இறங்கினார். இந்தமுறை ஒரு ஓட்டை வாளி.

அதோடு மூன்றாவது சிலிண்டரும் முடிந்தது. கதவு மட்டும் இல்லை.

"காக்கா," என்று தில்லைநாதன் வாளியைத் தூக்கிப் பார்த்தார், "இது எத்தனை அந்தர் வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா மெல்ல நடந்து வந்து ஹாலிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போட்டனான்தான் மகள்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "இல்லாட்டி, போட்ட மாதிரிக் கனவு கண்டிட்டு, இவ்வளவு காலமும் அதையே சொல்லிக்கொண்டு திரிஞ்சனானோ தெரியேல்லை."

கதவு இல்லாமல் போனாலும் பரவாயில்லை, வாப்பா இப்படிப் பேசுவதுதான் ஹாலிதாவுக்குத் தாங்க முடியவில்லை.

அவள் பாலை மரத்தைப் பார்த்தாள். வாப்பா நின்ற இடத்தைப் பார்த்தாள். கணக்குப் பிழைக்காது. ஐந்து நேரமும் சொல்கிற கணக்கு எப்படிப் பிழைக்கும்? நூறு என்றால் நூறுதான். பிறகு எங்கே போனது?

வேறு ஒரு கணக்கு அவள் நினைவுக்கு வந்தது. அது தண்ணீர்க் குடத்துக் கணக்கு.

ஒவ்வொரு நாள் காலையிலும் பொதுக்கிணற்றுக்கு அவள்தான் போவாள். வீட்டிலிருந்து வெறுங்குடத்தோடு போனால் அறுபது காலடி. நிறைகுடத்தோடு திரும்பினால் தொண்ணூறு. "உம்மா, வரேக்க மட்டும் றோட்டு நீளுது!" என்று ஒருநாள் சொன்னபோது உம்மா சிரி சிரியென்று சிரித்தார்.

ஹாலிதா துள்ளி எழுந்தாள்.

"வாப்பா! அண்டைக்கும் இப்பிடித்தான் கையை வீசி நடந்தனீங்களா?"

"எப்பிடி மகள் வீசுறது? தலையிலே கதவெல்லோ!"

"அப்ப காலடி இவ்வளவு நீளமா வந்திருக்காது! பாரம் தூக்கினா காலடி குறுகும். எண்ணிக்கை நூறுதான் வாப்பா. ஆனா அது குட்டி நூறு!"

வாப்பா அவளைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார், அவை ஏதோ களவு செய்தவைபோல.

"திரும்ப நடப்பம் வாப்பா. இந்தமுறை பாரத்தோட!"

இன்னாசித்தம்பி ஓடிவந்து ட்ரக்டர் பெட்டிக்குள் இருந்த சீமெந்து மூட்டையைக் காட்டினார். "இந்தா, ஒரு அந்தர்!"

"பொறுங்கோ, பொறுங்கோ!" தில்லைநாதன் குறுக்கே வந்தார். "ஒண்டு என்னத்துக்குக் காணும்? கதவு மூண்டு அந்தரெல்லோ! பெட்டிக்குள்ள மூண்டு மூட்டை கிடக்கு. மூண்டையும் காக்காவின்ர தலையிலே ஏத்துங்கோ!"

மறுபடியும் சிரிப்பு. வாப்பாவின் முகம் பாண்மாபோல வெளுத்தது.

ஹாலிதாவுக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. பாரம் சரியாக இருந்தால்தான் காலடி சரியாக வரும். காலடி சரியாக வந்தால்தான் கதவு. அதற்கு உண்மையான நிறை வேண்டும். ஆனால் அதை இத்தனை பேருக்கு முன்னால் வாப்பாவிடம் கேட்கக்கூடாது.

அவள் விரலால் கூப்பிட்டாள். வாப்பா குனிந்தார். அவள் இரண்டு கையையும் குவித்து அவர் காதிலே வைத்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லுங்கோ. உண்மையா எத்தனை அந்தர்?"

வாப்பா வானத்தைப் பார்த்தார். பாலை மரத்தைப் பார்த்தார். கால் பெருவிரலைப் பார்த்தார். பிறகு அவள் காதுக்குள்ளே சொன்னார்.

"ஒண்டு. அதிலேயும் ரெண்டு றாத்தல் குறையும்."

ஹாலிதா சிரிக்கவில்லை. சிரிப்பு மூக்குவரை வந்தது, அதைப் பிடித்து விழுங்கிவிட்டாள். தில்லைநாதனின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்ப வாப்பாவுக்கு இருபத்தேழு வயசு. இப்ப நாற்பது. இப்ப தூக்கினா ஒரு மூட்டைதான் அந்தக் காலத்திலே தூக்கின மாதிரி இருக்கும். மூண்டு மூட்டை ஏத்தினா வாப்பா நடக்கமாட்டார், நட்டு வைச்ச மாதிரி நிலத்துக்குள்ள போயிடுவார்."

"சரியான கணக்கு!" என்றார் ஞானேஸ்வரி டீச்சர், நீர்க்கண்ணாடிக்குள்ளிருந்து. கணக்கு டீச்சரே சொன்னபிறகு தில்லைநாதனால் என்ன செய்ய முடியும்?

மூட்டை தலையில் ஏறியது. வாப்பாவின் கழுத்து அரைவாசி உள்ளே போனது. பாலை மரத்தடியிலிருந்து நடை தொடங்கியது. ஆகா, அது வேறு நடை! கையும் வீசவில்லை, நெஞ்சும் நிமிரவில்லை. முட்டையிடப் போகிற கோழிபோலக் குறுகக் குறுக அடி வைத்தார்.

"சுப்ஹானல்லாஹ்... சுப்ஹானல்லாஹ்..."

பின்னால் ஒரு ஊர்வலமே போனது. ஹாலிதா வாப்பாவோடு சேர்ந்து முணுமுணுத்தாள். இன்னாசித்தம்பி "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினார். தில்லைநாதன் எண்ணாததுபோல எண்ணினார்.

நூறு வந்தபோது அவர்கள் முந்தி நின்ற இடத்தின் பாதித் தூரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு கல், நாக்கை நீட்டியதுபோலத் தண்ணீரின்மேல் நீண்டிருந்தது.

வாப்பா மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கல்லு! இதிலேதான் என்ர செருப்பு வார் அறுந்தது! மறந்தே போனன்!"

"மிச்சம் ஒரே ஒரு சிலிண்டர்," என்று இன்னாசித்தம்பி தலையைச் சொறிந்தார். "அது டீச்சருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஹாலிதா கேட்க வாயெடுத்தாள். ஆனால், பாவம், விடியற்காலையிலிருந்து காத்திருக்கிறாரே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எடுங்கோ தம்பி, எடுங்கோ!" டீச்சர் நீர்க்கண்ணாடியைக் கழற்றிய வேகத்தில் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து கழன்று விழுந்தது. "பிள்ளையின்ர கணக்குச் சரியோ பிழையோ எண்டு தெரியாட்டி எனக்கு நித்திரை வராது!" அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முதலை இல்லை என்று சொன்னபோதுகூட அவ்வளவு நிம்மதி வரவில்லை.

இன்னாசித்தம்பி ஒரு கயிற்றின் நுனியை ஹாலிதாவின் கையில் கொடுத்தார்.

"பிடிச்சுக்கொள்ளு தங்கச்சி. மூண்டு தரம் இழுத்தா, கதவு. ஒருக்கா இழுத்தா, ஒண்டுமில்லை, நான் வாறன்."

மறு நுனியையும் இரண்டு வெறும் பிளாஸ்ரிக் கான்களையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

குமிழிகள். குமிழிகள். பிறகும் குமிழிகள். வாப்பா மூட்டையை இறக்கக்கூட மறந்து, தலையில் வைத்தபடியே நின்றார்.

கயிறு ஒருமுறை இழுபட்டது.

ஹாலிதாவின் நெஞ்சு கிடங்கின் அடிவரை போனது.

மறுபடியும் இழுபட்டது. இரண்டு.

பிறகு, கையே கழன்று போகிறமாதிரி, மூன்று!

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அதைக் கண்டு வாப்பா போட்ட சத்தம் இருக்கிறதே, நெடுங்கேணிச் சந்தையில் மரக்கறி விற்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்!

அடியிலே இன்னாசித்தம்பி சுழியோடிகளின் வேலையைக் காட்டினார். இரண்டு கான்களையும் தலைகீழாகக் கதவிலே கட்டி, வாய்க்குழாயிலிருந்து காற்றை அவற்றுக்குள்ளே விட்டார். காற்று நிரம்ப நிரம்பக் கான்கள் மேலே போகப் பார்க்கும். அவற்றோடு கதவும் சேற்றைவிட்டுக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கல்லுக்கு முன்னால் தண்ணீர் "பொளக்" என்று வீங்கியது. கான்கள் எட்டிப் பார்த்தன. அவற்றின் கீழே, பாசி பிடித்து, பச்சையாக, ஒரு கைப்பிடியோடு, கதவு!

கயிற்றை ட்ரக்டரில் கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். கதவின் மேலே பதினேழு நத்தை. கைப்பிடிக்குள்ளே ஒரு தவளை. "இது என்ர வீடு" என்பதுபோல அது எல்லோரையும் முறைத்துவிட்டுக் குதித்துப் போனது.

வாப்பா உடுத்திருந்த சாரத்தின் நுனியால் கதவைத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஹாலிதா பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு நத்தையாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

தில்லைநாதன் கிட்ட வந்தார். கதவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது நோகாமல் எழும்பியது. மூன்று அந்தர் அப்படி எழும்பாது. அவர் திரும்பி ஹாலிதாவைப் பார்த்தார். ஹாலிதா அப்போதுதான் உலகத்திலேயே முக்கியமான நத்தை ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதன் கதவை மெல்லக் கீழே வைத்தார். "ம்," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. புத்தளம் போகிற பஸ் ஊரைத் தாண்டிப் போனது. அதற்குள் கச்சு முகம்மது இல்லை. அவர் தலைமுதல் கால்வரை மாவாக, போறணைக்கு முன்னால் நின்றார். உள்ளே விறகு எரிந்து தணல் தள்ளி, பாண் அடுக்கி, கதவு "டங்" என்று மூடியது. அந்த ஒரு சத்தத்துக்காகப் பதின்மூன்று வருடம் காத்திருந்த மனிதர், மூடி, திறந்து, இன்னொருமுறை மூடினார்.

வாசனை முதலில் ஒழுங்கை முழுவதும் போனது. பிறகு சந்திக்குப் போனது. பிறகு தில்லைநாதனின் கடைக்குள்ளே புகுந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

"மாமா, முதல் பாண்," என்று ஹாலிதா நீட்டினாள். "ஊதக்கூடாது!"

தில்லைநாதன் ஒரு துண்டு பிய்த்தார். ஆவி பறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயிலே வைத்தார். வைத்ததும் ஒரு காலில் நின்றார், மற்றக் காலுக்கு மாறினார், கண்ணிலே தண்ணீர் வந்தது. ஆனால் துப்பவில்லை. இன்னொரு துண்டு பிய்த்தார்.

வாப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"பதின்மூண்டு வருசத்துக்கு முதல், நான் தன்னந்தனிய, மூண்டு அந்தர்..."

ஹாலிதா இருமினாள்.

வாப்பா அவளைப் பார்த்தார். மாப் பூசிய முகத்துக்குள்ளே ஒரு சிரிப்பு வந்தது.

"மூண்டு... எண்டு சொல்லுவினம்," என்று முடித்தார்.

தில்லைநாதன் வாய் நிறையப் பாணோடு கையை உயர்த்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விழுங்கி, சுட்ட நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி ஆறவைத்துக்கொண்டு, ஹாலிதாவைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

"நடந்தது நடந்ததுதான் காக்கா. தூக்கினதும் உண்மை, நூறு காலடியும் உண்மை, போட்டதும் உண்மை. ரெண்டு அந்தர் மட்டும் தண்ணிக்குள்ள கரைஞ்சு போச்சுப்போல!"